இடது காதுப் போர்த்துக்கேயம்

குருநகர்,
12.01.2025

அன்பு மகள் றஜிதாவுக்கு,

தலைப்பில் சிலுவை போட்டிருக்கிறேன். கோபமாக எழுதுகிற கடிதத்துக்குச் சிலுவை போடலாமோ என்று அம்மாவிடம் கேட்டேன். "கோவத்துக்குத்தான் முக்கியமாப் போடவேணும்" என்றா. ஆகவே போட்டாயிற்று.

கார்த்திகை மாதம் போனை வைக்கும்போது நீ சொன்னது இது: "இனி என்னோடை போனிலை கதைக்காதேங்கோ அப்பா. ஏதும் சொல்ல இருந்தா எழுதுங்கோ. எழுதேக்கை எண்டாலும் சத்தம் போடமாட்டியள்." சரி, எழுதுகிறேன். நான் கடைசியாக எழுதிய கடிதம் உன் அம்மாவுக்கு, கலியாணத்துக்கு முதல். அதில் இருந்த பிழைகளை அவ இன்னும் மறக்கவில்லை. வாசல் படலை திறந்திருக்கிறது என்று எழுத நினைத்துப் பாடலை என்று எழுதிவிட்டேனாம். அதனால் என்ன, அவ வந்துவிட்டா அல்லவா.

என் முடிவு மாறவில்லை. மீன்வளம் படிக்க என்று இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பசுக்குப் போனாய், சந்தோசப்பட்டேன். மேல்படிப்பு என்று போர்த்துக்கலுக்குப் போனாய், அதற்கும் சந்தோசப்பட்டேன். படிப்பு முடிந்து அங்கேயே மட்டி ஆராய்ச்சி என்றாய். கரையோரத்தில் பிறந்த பிள்ளை மட்டி பார்க்கப் பிளேன் ஏறவேண்டுமா என்று சனம் சிரித்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெடியனைக் கட்டப் போகிறேன் என்பதற்கு என்னால் தலையாட்ட முடியாது. எங்கள் கோயில் புனித யாகப்பர் திருவிழாவுக்கு அவனையும் தாயையும் கூட்டி வருகிற கதையும் வேண்டாம்.

இந்த "வேண்டாம்" உன் வழியாக அவனுக்குப் போனால் நீ வழியில் சீனி போட்டுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். ஆகவே அவனுடைய பாசையிலேயே நேராகச் சொல்லப் போகிறேன். சிரிக்காதே. போன் திருத்துகிற சுபாஸ் என் போனில் போர்த்துக்கேயப் பாடங்களை ஏற்றித் தந்திருக்கிறான். ஒலிப்பாடம். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டால் ஒரு பெண் இங்கிலீசில் விளக்கம் சொல்லி, போர்த்துக்கேயத்தில் கதைப்பா. பிறகு கொஞ்சம் பேசாமல் இருப்பா. அந்த இடைவெளியில் நான் திருப்பிச் சொல்லவேண்டும். நல்ல முறை. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு ரீச்சர் வாய்த்திருந்தால் நான் எஞ்சின் திருத்தப் போயிருக்க மாட்டேன், எஞ்சினியர் ஆகியிருப்பேன்.

"வேண்டாம்" இன்னும் வரவில்லை. வந்ததும் அறிவிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கிறிஸ்துநாயகம்

*

பாரோ, போர்த்துக்கல்,
03.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுகூடத்தில் வைத்துப் பிரித்தேன். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசித்தேன். ஆகவே நான் சிரித்ததாக நினைக்கவேண்டாம்.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நீங்கள் மறுத்ததற்காக எனக்குக் கோபமில்லை. பெண் பிள்ளை, தூரதேசம், தெரியாத ஆட்கள். எந்த அப்பாவும் முதலில் மறுப்பார். நான் சொல்லி முடிக்க முதலே மறுத்தீர்கள். பாதி வசனத்தில் "ஏலாது" என்றீர்கள். அவரின் பெயரைக் கேட்கவில்லை. என்ன வேலை, எப்படிப் பழக்கம், ஒன்றும் கேட்கவில்லை. சின்னனில் இருந்தே அப்படித்தான். என்ன பாடம் படிக்க விருப்பம் என்றோ, எந்த நிறத்தில் சட்டை வேண்டும் என்றோ நீங்கள் என்னைக் கேட்டதாக நினைவில்லை. எல்லாவற்றுக்கும் உங்களிடம் முதலே ஒரு மறுமொழி இருக்கும்.

நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். அவரின் பெயர் தியாகு. எழுதும்போது வேறு மாதிரி, ஆனால் இங்கே எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான். எங்கள் யாகப்பருக்கு இவர்கள் மொழியில் வழங்கும் பெயர். துறைமுகத்தில் படகுகளின் மின்சார வேலை செய்கிறார். அம்மாவின் பெயர் லூர்த்ஷ். எங்கள் ஊரில் என்றால் லூர்தம்மா. சந்தையில் மட்டி விற்கிறா. தகப்பன் இல்லை. அவவுக்குப் போர்த்துக்கேயம் தவிர ஒரு சொல்லும் தெரியாது.

ஆடி மாதத் திருவிழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் வரவேண்டும், உங்கள் முன்னிலையில் கோயிலில் கைபிடிக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. நீங்கள் கடைசிவரை மறுத்தால் இங்கே நகரசபையில் பதிவு செய்வோம். வைகாசி முடிய முதல் அவர்களுக்கு நாள் சொல்லவேண்டும். அதன் பிறகு நான் ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன் என்று தெரியவில்லை. இது வெருட்டல் இல்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

"வேண்டாம்" என்பதை அவர்கள் மூக்கால் சொல்வார்கள். எப்படி என்று நான் சொல்லித் தரமாட்டேன். தேடிப் படியுங்கள்.

அன்புடன்,
றஜிதா

*

குருநகர்,
24.02.2025

அன்பு மகளுக்கு,

தியாகு என்ற பெயரை வாசித்தபோது உரும்பிராய்ப் பக்கத்துப் பெடியனோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அம்மாவிடம் யாகப்பர் பெயர் என்று சொன்னேன். அன்று பின்னேரமே கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா. யாருக்கு என்று கேட்டேன். "பேர் வைச்ச ஆளுக்கு" என்றா. இந்த வீட்டில் நான் தனியாள்.

படிப்பு நன்றாகப் போகிறது. முதல் பாடம் வீட்டுச் சாமான்கள். மேசை, யன்னல், கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து என்று அந்தப் பெண் அடுக்கிக்கொண்டே போனா. என்னடா இது, தமிழ்ப் பாடத்தை ஏற்றித் தந்துவிட்டானோ என்று சுபாசிடம் போனேன். அவன் சிரித்துவிட்டு, "இல்லை அண்ணை, அதெல்லாம் அவங்கள் விட்டிட்டுப் போன சாமான்" என்றான். எங்கள் வீட்டில் பாதி அவர்களின் பெயரில் இருக்கிறது, பிள்ளை. முன்பு கேளாமல் வந்து கோட்டை கட்டினார்கள், கதிரையைத் தந்து இருக்கச் சொன்னார்கள். இப்போது மிச்சக் கணக்குக்குப் பெண் கேட்கிறார்கள்.

எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் வேலை செய்துகொண்டே படிக்கிறேன். படகு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஓடவிட்டால் அரை மணித்தியாலம் பக்கத்தில் நிற்கவேண்டும். அந்த நேரம் பாடத்துக்கு. நேற்று "தேய்ங் ஃபோம்?" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு நின்றேன். பசிக்கிறதா என்று அர்த்தம். எஞ்சின் எடுக்க வந்த சிமியோன் படலையிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணை, எஞ்சினுக்கு மந்திரம் சொல்லுறியளோ?"

"போர்த்துக்கேயம் படிக்கிறன்ரா."

"ஏன், கோட்டையைத் திருப்பிக் குடுக்கப் போறியளோ?"

எஞ்சினைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு சின்னக் கவலை. அம்மாவுக்குக் காது மந்தமாகி வருகிறது என்று நினைக்கிறேன். நான் யாரோ பெண்ணோடு கதைக்கிறேன் என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தா. "இதென்ன, ஆம்பிளை எல்லோ கதைக்கிறான்!" என்றா. பெண் குரலையும் ஆண் குரலையும் பிரித்தறிய முடியாத அளவுக்கு வந்துவிட்டது. நீ அவவோடு குசினிக்குள் கள்ளமாகக் கதைக்கும்போது (எனக்குத் தெரியும்) கொஞ்சம் சத்தமாகக் கதை. ஆனால் காது மந்தம் என்று சொல்லிவிடாதே, மனம் நோகும்.

சாப்பாட்டுக் கடை, பஸ் ஸ்ராண்ட், ஆசுப்பத்திரி, புகையிரத நிலையம் எல்லாம் முடித்துவிட்டேன். எல்லாப் பாடமும் மனப்பாடம். "வேண்டாம்" மட்டும் இன்னும் வரவில்லை. நல்ல மரியாதையான பாசையாக இருக்கிறது. அந்தச் சொல்லே இல்லையோ என்னவோ.

இருந்தாலும் தவணை போடக்கூடாது. பெரியவர்கள் பெரியவர்களோடுதான் கதைக்கவேண்டும். அம்மாவிடம் லூர்தம்மாவின் நம்பர் இருக்கிறதாம். அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வாற கிழமை எடுத்து, முதலில் முறையாகச் சுகம் விசாரித்துவிட்டு, பிறகு விசயத்துக்கு வருவேன். மறுப்பதையும் மரியாதையாகச் செய்யவேண்டும் அல்லவா.

உன் அப்பா

பி.கு.: சின்னனில் உனக்கு மஞ்சள் சட்டைதானே பிடிக்கும்?

*

பாரோ,
20.03.2025

அப்பா,

எனக்கு மஞ்சள் நிறம் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் இப்போது அது பிரச்சினையில்லை.

லூர்த்ஷ் அம்மாவுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

போன ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தா. கதவைத் திறந்த முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கியது. உங்கள் போன் வந்ததாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தீர்களாம். அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சுகமா என்று கேட்டீர்களாம். சுகம் என்று சொல்லி, சந்தை, மழை, மட்டி விலை எல்லாம் சொன்னாவாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டீர்களாம். சொன்னாவாம். கடல் கிட்டவா? பசிக்கிறதா? இன்னும் கொஞ்சம் வேண்டுமா? பசிக்கிறதா என்று ஏன் கேட்கிறார் என்று அவவுக்கு விளங்கவில்லை; ஆனால் உண்மையில் அந்த நேரம் பசித்ததாம். தனியே இருப்பதால் இரவில் சமைப்பதில்லை என்று சொன்னாவாம்.

பிறகு "ஓந்த டோய்?" என்று கேட்டீர்களாம். எங்கே நோகிறது?

அப்பா, அவ முதலில் முழங்காலைச் சொன்னாவாம். எவ்வளவு காலமாக என்று கேட்டீர்களாம். கணவர் போன காலத்திலிருந்து என்று சொல்ல வாய் திறந்தவ, முழங்காலை விட்டுவிட்டுக் கணவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாவாம். அவரின் கடைசி நாட்கள், ஆசுப்பத்திரி, தியாகுவுக்குக் கூடச் சொல்லாத கதைகள். நீங்கள் குறுக்கே ஒரு சொல் பேசவில்லையாம். அவ அழுது முடித்ததும், "இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டீர்களாம்.

"உன் அப்பாவைப் போல, ஆளைக் கதைக்கவிட்டுக் கேட்கிற மனிதனை நான் கண்டதில்லை" என்றா. என் வாயில் பாண் இருந்தது. விழுங்க மறந்துபோனேன்.

கடைசியில் நன்றி சொன்னீர்களாம், அதுவும் இங்கே பெண்கள் சொல்கிற மாதிரி. அதற்கு மட்டும் சிரித்தா.

இனித்தான் விசயம். போனை வைக்க முதல் நீங்கள் கேட்டது: "அ கெ ஓரஷ் ஷேகா?" எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?

அழைப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டா. பெட்டி வாங்கிவிட்டா, அப்பா. சிவப்புப் பெட்டி, உருட்டிப் போகச் சில்லு வைத்தது. சந்தை முழுக்கச் சொல்லிவிட்டா. அவ பிளேனில் ஏறியதே இல்லை. குருநகரில் குளிருமா என்று கேட்கிறா.

எனக்கு இரண்டு கேள்வி. உங்கள் பாடத்தில் மறுமொழிகளே இல்லையா? ஏன் கேள்வியாகவே கேட்டீர்கள்? அதை விடுங்கள், இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கடைசிக் கேள்வியை அவவை வரச்சொல்லிக் கேட்டீர்களா, அல்லது பாடத்தை ஒப்புவித்தீர்களா? பாடம் என்றால் இப்போதே சொல்லுங்கள். பெட்டியை நான் எப்படியாவது திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறேன்.

றஜிதா

*

குருநகர்,
10.04.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாதான் வாசித்தா. முழங்கால் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "நீங்கள் என்ரை முழங்காலை ஒருநாள் கேட்டிருக்கிறியளோ?" என்றா. கடிதம் அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் கழித்துத்தான் தொடர்ந்தது.

முதல் கேள்விக்கு மறுமொழி சொல்கிறேன். நீ எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கே யோசனை வந்தது. இவ்வளவு காலம் படிக்கிறேன், ஒரு பாடத்திலாவது மறுமொழி வரவில்லையே. சுபாசிடம் போய், குறைப் பாடத்தைத் தந்து ஏமாற்றிவிட்டாய் என்று சண்டை பிடித்தேன். அவன் தன் காதில் மாட்டிக் கேட்டான். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு கழற்றி, வலது பக்கத்தை இடமாக்கி, இடது பக்கத்தை வலமாக்கி என் காதில் மாட்டினான்.

ஒரு ஆம்பிளை!

கோட்டு சூட்டுப் போட்டவன் போன்ற குரல். இவ்வளவு நாளும் அந்த வயருக்குள்ளே இருந்திருக்கிறான். அவள் கேட்க இவன் மறுமொழி சொல்வான். அவள் ஒரு பக்கத்தாலே, இவன் மற்றப் பக்கத்தாலே. நான் திருப்பிச் சொல்வதற்கு விட்ட இடைவெளி என்று நினைத்தது அவன் கதைக்கிற நேரம். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் நான் உரத்துக் கதைத்து அவனை அமத்தியிருக்கிறேன். நல்ல காலம், அவனுக்கு என்னைக் கேட்காது.

வயர் பழுதா என்று சுபாசைக் கேட்டேன். "வயர் நல்லாத்தான் இருக்கு அண்ணை" என்றான். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை. நல்ல பிள்ளை.

அம்மா ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனா. உன் வயது டாக்குத்தர் பிள்ளை ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் கையை உயர்த்துங்கோ ஐயா என்றது. இடது பக்கத்துக்குக் கை ஏறி இறங்கியது. வலது பக்கத்துக்கு நான் என் பாட்டில் சும்மா இருந்தேன், இன்னும் தொடங்கவில்லை என்று. முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தது. எஞ்சினுக்கு வலப்பக்கம் காட்டி நின்று நின்று அந்தக் காது போய்விட்டதாம். போய்க் கனகாலமாம். எஞ்சின் இருமினால் எந்தப் பிளக் என்று சொல்கிறவன் நான். என் காது போனது எனக்கே கேட்கவில்லை.

காது மந்தம் என்று அம்மாவைப் பற்றி உனக்கு எழுதிய கடிதத்தின் முதல் பிரதியை அவ கண்டெடுத்து வாசித்துவிட்டா. விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. லூர்தம்மாவோடு கதைத்த அன்று, நான் சத்தம் போடக்கூடாது என்று அம்மா என் வலது கையில் செபமாலையைத் திணித்துவிட்டா. போன் இடது கைக்குப் போயிற்று. டெலிபோனில் ஒருவரின் குரல் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை. போர்த்துக்கல் லைன் திறம் என்று நினைத்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவ அழுவதும் கேட்டது. எஞ்சின் என்றாலும் ஆள் என்றாலும் உள்ளுக்குள் ஏதோ பாரத்தோடு ஓடினால் சத்தம் வேறு மாதிரித்தானே இருக்கும். அந்த நேரத்தில் மறுப்பது எப்படி? எனக்கு அந்தச் சொல்லும் தெரியாது. தெரிந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

இப்போது அந்தச் சொல் தெரியும். நாவ்ங். நீ சொன்னது சரி, மூக்கால்தான். அவன் பக்கத்தில் மூன்றாம் பாடத்திலேயே இருந்திருக்கிறது. ஓம் என்பதற்குச் சிம். அதுவும் அவன் பக்கம்தான். தேடிப் போன சாமான் கைக்கு வந்துவிட்டது.

உன் இரண்டாவது கேள்வியை நான் மறக்கவில்லை. கொஞ்சம் யோசிக்க விடு. பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுக்காதே. சில்லு வைத்த பெட்டி எப்படியும் பயன்படும்.

அப்பா

*

பாரோ,
29.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பவேண்டும்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். கார்த்திகையில் நான் போன் எடுத்த அன்று எந்தக் காதில் வைத்திருந்தீர்கள்?

வலது காது என்றுதான் நினைக்கிறேன். கண்ணை மூடினால் தெரிகிறது. நீங்கள் கொட்டில் வாசலில் நின்று, வலது கையால் போனை அமத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் எதையாவது துடைத்துக்கொண்டு கதைப்பீர்கள். எப்போதும் அப்படித்தான். என் ஓ.எல். பரீட்சை றிசல்ற் சொன்னதும் அந்தக் காதுக்குத்தான். அப்போதும் "சரி, சரி" என்று வைத்துவிட்டீர்கள். ஒரு பாராட்டும் இல்லையே என்று நான் பள்ளிக்கூட விடுதியில் இருந்து அழுதேன்.

அன்று நீங்கள் கேட்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆகவே சொன்னதை முழுக்கத் திருப்பி எழுதுகிறேன். சொல்லி முடிக்காததையும் சேர்த்து.

"அப்பா, நான் இஞ்சை ஒரு ஆளை விரும்புறன். போர்த்துக்கல் ஆள். உங்களைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன். நீங்களும் அம்மாவும் பாத்துக் கதைச்சுப் போட்டு ஓம் எண்டு சொன்னால்தான் மிச்சம். ஆடியிலை கூட்டிக்கொண்டு வரட்டோ?"

அவ்வளவுதான். நான் உங்களிடம் கேட்கத்தான் எடுத்தேன், அறிவிக்க எடுக்கவில்லை. "போர்த்துக்கல் ஆள்" என்ற இடத்தில் நீங்கள் "ஏலாது" என்றீர்கள். பிறகு நானும் கத்தினேன்.

காதைப் பற்றி ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். மட்டியின் ஓட்டில் ஒரு கோட்டை வைத்து அதன் வயது சொல்கிறவள் நான். வீட்டில் அப்பா எல்லோரையும் இடப்பக்கத்தில் இருத்திச் சாப்பிடுவதைக் கவனிக்கவில்லை. உங்கள் வலப்பக்கக் கதிரை எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். அது பூனைக்கு என்று சொல்வீர்கள்.

நகரசபைக்கு நாள் சொல்ல வைகாசி முடிவுதான் தவணை. லூர்த்ஷ் அம்மா பெட்டியில் உங்களுக்கு என்று ஏதோ வைத்திருக்கிறா, காட்டமாட்டேன் என்கிறா. தியாகு தமிழில் "வணக்கம் மாமா" மட்டும் படித்துவிட்டு, அதற்கு நீங்கள் ஏதாவது திருப்பிச் சொன்னால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருக்கிறார்.

உங்கள் மறுமொழி எதுவானாலும் எழுதுங்கள். நாவ்ங் என்று எழுதினாலும் எனக்கு விளங்கும். இந்த முறை நான் போனை வைக்கமாட்டேன். வைப்பதற்கு இது போனும் இல்லை.

உங்கள் மகள்,
றஜிதா

*

குருநகர்,
18.05.2025

என் அன்பு மகளுக்கு,

வலது காதுதான்.

எனக்குக் கேட்டது: "அப்பா", பிறகு ஒரு இரைச்சல், "போர்த்துக்கல்", மறுபடி இரைச்சல். பீப்பாவுக்குள் எஞ்சின் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் "ஏலாது" என்றேன் என்றால், அது என் தொழில் பழக்கம், பிள்ளை. கொட்டிலுக்கு வருகிறவன் என்ன கேட்கிறான் என்று சரியாகக் கேட்காவிட்டால் "ஏலாது" என்று சொல்லிவிடுவேன். "ஓம்" என்று சொல்லி மாட்டிக்கொண்டால் வம்பு. "என்ன?" என்று கேட்டால் காது கேட்காத கிழவன் என்பார்கள். "ஏலாது" என்றால் ஆள் விடமாட்டான். கிட்ட வந்து, "அண்ணை, இப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று முதலில் இருந்து, சத்தமாக, விளக்கமாகத் திருப்பிச் சொல்லுவான். அப்போது எனக்கு எல்லாம் கேட்கும். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நீ ஒருத்திதான் போனை வைத்துவிட்டாய்.

பிறகு அம்மா சொல்லி விசயம் தெரிந்தபோது, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாகப் போயிற்று. பயமும் இருந்தது. நீ போகிற வீட்டில் நான் ஒரு மூலையில் பொம்மை மாதிரி இருக்கவேண்டி வரும், அவர்கள் சிரித்தால் நானும் சிரிக்கவேண்டும், எதற்கு என்று தெரியாது. பேரப்பிள்ளை வந்து ஏதோ கேட்டாலும் அதே பாடுதான். மறுத்துவிட்டால் அந்தக் கதிரையில் இருக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

இப்போது நீ திருப்பிச் சொல்லிவிட்டாய். எழுத்தில் எந்தக் காதும் தேவையில்லை. முழுக்கக் கேட்டது. "உங்களைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்ற இடத்தை அம்மாவை விட்டு இரண்டு தரம் வாசிப்பித்தேன். இரண்டாம் தரம் அவ வாசிக்கவில்லை, மூக்கைச் சிந்தினா.

நேற்றுக் காலை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன், பங்குச் சுவாமியைக் கண்டு, மூன்று ஞாயிறும் பூசையில் கலியாண ஓலை கூற உங்கள் இருவரின் பெயரையும் கொடுக்கலாம் என்று. வாசல் மட்டும் போய்விட்டேன். சுவாமி கைகாட்டிக் கூப்பிடவும் செய்தார். அப்போதுதான் யோசனை வந்தது: இதையும் நான் இவளைக் கேட்கவில்லையே. சும்மா நடக்க வந்தேன் சுவாமி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வேட்டி கட்டிக்கொண்டு சும்மா நடக்கிற ஆளை அவர் இப்போதுதான் கண்டிருப்பார்.

ஆகவே கேட்கிறேன். கலியாணம் இங்கேயா, அங்கேயா? இங்கே என்றால் ஓலை கூறச் சொல்லட்டுமா? சேலை கட்டுவாயா, வெள்ளைக் கவுன் போடுவாயா? தியாகு உறைப்புச் சாப்பிடுவானா? நண்டு உடைக்கத் தெரியுமா, அல்லது நான் உடைத்துக் கொடுக்கவேண்டுமா? லூர்தம்மாவின் முழங்காலுக்கு எங்கள் வீட்டுப் படி உயரமா? ஒரு படி கூடுதலாகக் கட்டினால் சுகமா? மஞ்சள் உனக்கு ஏன் பிடிக்காது? எந்த நிறம் பிடிக்கும்? முன் அறைக்கு அதைத்தான் பூசவேண்டும். கடைக்காரன் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோட்டு சூட்டுக்காரனைக் காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன். அவன் பக்கத்தைப் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம். லூர்தம்மா வந்தால் எனக்குக் கேள்வி கேட்கிறவளுடைய பக்கமே போதும். வலப்பக்கக் கதிரையிலிருந்த பூனையை எழுப்பிவிட்டேன். கதிரையை இடப்பக்கம் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். அது அவர்களின் சாமான்தானே, வந்து இருக்கட்டும்.

ஞாயிறு பின்னேரம் போன் எடு. செபமாலை வலது கையில் இருக்கும்.

உன் இரண்டாவது கேள்வி மிச்சம் இருக்கிறது. அன்று அது பாடம்தான், பிள்ளை. அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும், அதைத் தவிர அந்த நேரம் வேறொன்றும் மனதில் இல்லை. ஆனால் இன்றைக்கு நானே கேட்கிறேன், பாடம் இல்லாமல், தமிழில்:

எத்தனை மணிக்கு வந்து சேருவியள்?

அப்பா